ஒரு கூடாரத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?



"முகாம்" என்ற சொல்லை எங்கள் வீட்டில் எவரும் இலகுவில் உச்சரிப்பதில்லை. 2009 ஆம் ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாமில் ஒரு வெள்ளைக் கூடாரத்துக்குள் நானும், மாமியும், ஒன்றரை வயது மகளும் பல மாதங்கள் இருந்தோம். கணவரை அந்த வருடமே இழந்திருந்தேன். பகலில் வெக்கை, இரவில் இருட்டு. இருட்டினால் மலசலகூடத்துக்கு எவரும் தனியே போவதில்லை. நாலைந்து பெண்கள் சேரும்வரை அடக்கிக்கொண்டு காத்திருப்போம். உங்களில் பலருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட நாங்கள் ஏழு பேர், ஒரே மாதர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், 2023 ஓகஸ்டில் மடுத் திருவிழாவுக்குப் போய் மூன்று இரவு கூடாரம் அடித்துத் தங்குவதென்று தீர்மானித்தோம். எங்களில் கத்தோலிக்கரும் உண்டு, சைவரும் உண்டு. மடுவுக்குப் போக அது எங்களுக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. மகளுக்கு அப்போது பதினைந்து வயது. "அம்மா, நாங்கள் காம்பிங் போறமோ?" என்று சிரித்தாள். மாமி மட்டும் சிரிக்கவில்லை. "கூடாரத்துக்குள்ள படுக்க எனக்கு மனமில்லைப் பிள்ளை. ஆனா இந்த முறை வெளிச்சம் இருக்குமெண்டால் வாறன்" என்றார்.

அந்த வெளிச்சத்தை எங்கிருந்து பெறுவது என்பதில் நாங்கள் விட்ட பிழையையும், பின்னர் கற்றுக்கொண்டதையும் எழுதவே இந்தக் கட்டுரை. திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, வயல் வாடியில் தங்குகிறவர்களுக்கும், வெள்ளம் வந்தால் பாடசாலைக் கட்டடத்துக்கு ஓட வேண்டியவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதல் வருடம்: வாடகை ஜெனறேற்றர்

எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் மின்சாரம் நின்றுபோன காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தோம். பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடக்கம். ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். எப்போதாவது ஒரு வீட்டில் ஜெனறேற்றரும் ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவார்கள். முழு ஊரும் முற்றத்தில் இருக்கும். அதனால் கூடாரத்துக்கு வெளிச்சம் என்றதும் எங்கள் வாயில் முதலில் வந்த சொல் ஜெனறேற்றர்தான்.

பக்கத்து ஊரில் ஒருவரிடம் சிறிய ஜெனறேற்றர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அப்போது எரிபொருளுக்கு கியூஆர் பங்கீடு இன்னும் நடைமுறையில் இருந்தது. அது 2023 செப்டெம்பர் 1 ஆம் திகதிதான் நீக்கப்பட்டது. ஆகவே மூன்று பேரின் ஸ்கூட்டிப் பங்கிலிருந்து பெற்றோல் சேர்த்தோம். சேர்த்தது ஒன்பது லீற்றர். மணித்தியாலத்துக்கு அரை லீற்றர், இரவுக்கு ஆறு மணித்தியாலம், மூன்று இரவு என்பது எங்கள் கணக்கு.

முதல் நாள் இரவு அது போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அயல் கூடாரத்தார் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. சத்தம் குறையட்டும் என்று அதைத் தூரத்தில், ஒரு பாலை மரத்தடியில் கொண்டுபோய் வைத்தோம்.

இரண்டாம் நாள் மாலை யாரோ, "அவ்வளவு தூரத்தில வைச்சால் இரவில களவு போகும்" என்றார்கள். வாடகைப் பொருள் அல்லவா? போனால் யார் கட்டுவது? உடனே அதைத் தூக்கிவந்து கூடாரத்துக்குப் பின்னால், பட்டா வாகனத்துக்கும் கூடாரத்துக்கும் இடையில் வைத்தோம். பகல் முழுவதும் வீசிய சோளகக் காற்று இரவில் அடங்கிவிட்டது. புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எவரும் பார்க்கவில்லை.

பத்து மணி போல மாமி தலை இடிக்கிறது என்றார். வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். பிறகு சங்கத் தலைவி அக்காவின் பேரன் வாந்தி எடுத்தான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். மகள் கண் திறக்க முடியாமல் நித்திரை வருகிறது என்றாள். எனக்கும் கால் சோர்ந்தது. பக்கத்துக் கூடாரத்தில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருந்தார். சத்தத்தைப் பற்றிச் சொல்ல மூன்றாவது முறையாக வந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்ததும் உரத்த குரலில், "முதல்ல உந்த மெசினை நிப்பாட்டுங்கோ! எல்லாரும் வெளியில வாங்கோ, படுத்திருக்கிறவையையும் தூக்குங்கோ!" என்றார்.

வெளியே வந்து காற்றுப்பட்டதும் பிள்ளைகள் தெளிந்தார்கள். மாமியை மட்டும் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் கொடுத்தார்கள். விடியும்வரை நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செல்லுக்கும் பசிக்கும் தப்பிய மனிசி, நாங்கள் ஆசையோடு கொளுத்திய நாலு மின்குமிழ்களால் போய்விட இருந்தார். சத்தத்துக்காக முறைப்பாடு சொல்ல வந்த பெண் வராமல் விட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் நித்திரையோடு போயிருப்போம்.

கண்ணுக்குத் தெரியாத புகை

பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், கரி, விறகு எதுவானாலும் முழுமையாக எரியாதபோது காபனோரொட்சைட்டு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிவுமில்லை. எங்கள் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு பற்றிக்கொள்கிறது. மூச்சு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஒட்சிசன் இல்லாமல் தவிக்கும். தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், வாந்தி, சோர்வு, நித்திரை என்பன அதன் அறிகுறிகள். நித்திரையில் இருப்பவருக்கு அறிகுறியே தெரியாது. கர்ப்பிணிகளுக்கும், வயிற்றில் உள்ள பிள்ளைக்கும், முதியவர்களுக்கும், இதய நோயாளருக்கும் ஆபத்து அதிகம்.

ஒரே இடத்தில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடியும் வாந்தியும் வந்தால் சாப்பாட்டை மட்டும் சந்தேகிக்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்து, வைத்தியரிடம் போங்கள்.

ஜெனறேற்றரைக் கூடாரத்திலிருந்தும் வீட்டின் கதவு யன்னலிலிருந்தும் குறைந்தது இருபது அடி தள்ளி வைக்க வேண்டும். புகைக்குழாய் ஆட்கள் இருக்கும் பக்கம் பார்க்கக்கூடாது. விறாந்தை, குசினி, தறப்பாள் மறைப்பு இவை எதுவும் "வெளியிடம்" ஆகாது. யன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்பதும் தவறு. இயந்திரம் சூடாக இருக்கும்போது பெற்றோல் விடக்கூடாது. மழை நனையவும் விடக்கூடாது. அதன் வயரை வீட்டுச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கச் சிலர் முயல்கிறார்கள். அந்த மின்சாரம் வெளிக் கம்பிக்குப் போய், அதைத் திருத்த ஏறியவரைக் கொன்றுவிடக்கூடும்.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள்

ஊருக்கு வந்தபின் சங்கக் கூட்டத்தில் பெரிய விவாதம். "இனி ஜெனறேற்றரே வேண்டாம்" என்றார் மாமி. "அது பிழையில்லை, நாங்கள் வைச்ச இடம்தான் பிழை" என்றார் தலைவி அக்கா. இரண்டும் உண்மை. ஆனால் எவரும் கேட்காத கேள்வியை மகள் கேட்டாள்: "எங்களுக்கு எவ்வளவு கரண்ட் தேவைப்பட்டது?"

ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தோம். ஒவ்வொரு சாதனத்திலும் அதன் வாற்று அளவு எழுதியிருக்கும். வாற்றை மணித்தியாலத்தால் பெருக்கினால் வருவது வாற்று-மணி. சந்தைக்குப் போகுமுன் வீட்டில் எத்தனை பேர், எத்தனை நேரச் சாப்பாடு என்று பார்ப்பது போன்ற கணக்குத்தான் இது.

மலசலகூடப் பாதைக்கு 5 வாற்று எல்ஈடி குமிழ் ஒன்று, இரவு முழுவதும் 11 மணித்தியாலம்: 55.
கூடாரத்துக்குள் 5 வாற்றுக் குமிழ் இரண்டு, 4 மணித்தியாலம்: 40.
கைத்தொலைபேசி ஏழு, ஒன்றுக்கு ஏறத்தாழ 15: 105.
யூஎஸ்பியில் ஓடும் 5 வாற்றுச் சிறு மின்விசிறி இரண்டு, 8 மணித்தியாலம்: 80.
பேரனுக்கு இழுப்பு வந்தால் நெபுலைசர், 120 வாற்று, பத்து நிமிடப்படி மூன்று முறை: 60.

மொத்தம் ஒரு நாளுக்கு 340 வாற்று-மணி. முதல் வருடம் மூன்று லீற்றர் பெற்றோல் எரித்து ஒரு இரவில் நாங்கள் பாவித்ததும் ஏறத்தாழ இவ்வளவுதான். ஒரு லீற்றர் பெற்றோலுக்குள் ஏறத்தாழ 9,000 வாற்று-மணிச் சக்தி உண்டு. மூன்று லீற்றரில் 27,000. அதில் நூற்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே எங்களுக்கு வெளிச்சமாக வந்தது. மிச்சமெல்லாம் சூடும் சத்தமும் புகையும். நாலு குமிழுக்காக இயந்திரம் ஓட்டுவது, ஒரு தேங்காய் கொண்டுவர உழவு இயந்திரம் பிடித்தது போல என்று தலைவி அக்காவே ஒப்புக்கொண்டார்.

மின்கலப் பெட்டி என்றால் என்ன?

கடைகளில் "பவர் ஸ்ரேசன்" என்று சொல்லி விற்கும் பெட்டிக்குள் மூன்று பொருள்கள் உண்டு: பெரிய இலிதியம் மின்கலத் தொகுதி, அதைக் காக்கும் கட்டுப்பாட்டுப் பலகை, மின்கலத்தின் நேரோட்டத்தை வீட்டு மின்சாரம் போன்ற ஆடலோட்டமாக மாற்றும் இன்வேற்றர். எதுவும் எரிவதில்லை. ஆகவே புகையில்லை. கூடாரத்துக்குள்ளேயே வைக்கலாம். சிறிய காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்கும். 500 வாற்று-மணிப் பெட்டி ஆறு, ஏழு கிலோ நிறை. ஒரு பெண் ஒற்றைக் கையால் தூக்கலாம்.

ஆனால் பெட்டி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, சேமித்து வைக்கிறது. தாங்கியில் உள்ள தண்ணீர் போல. முடிந்தால் முடிந்ததுதான். வீட்டு மின்சாரத்திலோ சோலார் தகட்டிலோ நிரப்ப வேண்டும். 500 என்று எழுதியிருந்தாலும் இன்வேற்றர் தானே கொஞ்சம் தின்னும். 400, 425 வரைதான் கைக்கு வரும் என்று வையுங்கள். பாவிக்காத நேரம் ஆடலோட்ட ஆளியை நிறுத்திவிட வேண்டும். கைத்தொலைபேசியையும் சிறு விசிறியையும் யூஎஸ்பித் துவாரத்திலேயே நேராகச் செருகினால் விரயம் குறையும்.

பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று வாற்று-மணி, எவ்வளவு நேரம் என்பதற்கு. மற்றது வாற்று, ஒரே நேரத்தில் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு. 500 வாற்றுத் தாங்கும் பெட்டியில் 1,500 வாற்றுக் கேத்தலைச் செருகினால் பெட்டி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். சூடாக்கும் சாதனங்கள் எல்லாம், சோற்றுக் குக்கர், ஸ்திரிக்கைப்பெட்டி, கேத்தல், பெட்டிக்கு எதிரிகள். மோட்டர் உள்ள சாதனம் தொடங்கும் கணத்தில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதையும் கவனியுங்கள்.

மின்கல வகையையும் கேளுங்கள். "இலிதியம் இரும்புப் பொஸ்பேற்று" வகை சூட்டுக்குக் கூடப் பாதுகாப்பானது, நீண்ட நாள் உழைப்பது. 3,000 முறை நிரப்பி இறக்கியபின்னும் நூற்றுக்கு எண்பது பங்கு கொள்ளும் என்று தயாரிப்பாளர் பலர் குறிப்பிடுகிறார்கள். நாளுக்கு ஒரு முறை என்றால் அது எட்டு வருடம்.

முச்சக்கரவண்டிப் பற்றறியோடு ஒரு சிறு இன்வேற்றரைப் பூட்டினால் மலிவல்லவா என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் வாகனப் பற்றறி, இயந்திரத்தைக் கிளப்ப ஒரு கணம் மட்டும் பலமாகக் கொடுக்கச் செய்யப்பட்டது. அதை அடிவரை இறக்கி இறக்கிப் பாவித்தால் சில மாதங்களில் செத்துவிடும். சோலாருக்கென்று விற்கும் ஈயப் பற்றறி உழைக்கும். ஆனால் அதிலும் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணிப் பற்றறியில் 1,200 வாற்று-மணி என்றால் 600 தான் எங்களுக்கு. நிறையோ இருபத்தைந்து கிலோவுக்கும் மேல். வீட்டு மூலையில் வைக்க நல்லது, மடுவுக்குத் தூக்க நல்லதல்ல.

தம்பி அனுப்புகிறேன் என்றான்

ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, "அக்கா, இங்க மலிவு. நான் வரேக்க கொண்டுவாறன்" என்றான். வாங்க முன்னர் இரண்டு விடயம் விசாரித்தது நல்லதாய்ப் போயிற்று.

பயணிகள் விமானத்தில் 100 வாற்று-மணி வரையான இலிதியம் மின்கலத்தைக் கைப்பையில் கொண்டுவரலாம். 100 முதல் 160 வரை விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும். அதற்கு மேற்பட்டது கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. 500 வாற்று-மணிப் பெட்டியை விமான நிலையத்திலேயே பறிகொடுக்க வேண்டிவரும்.

கப்பலில் அனுப்பினாலும் இன்னொரு சிக்கல். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஏட்சு. எங்களுடையது 230 வோல்ற்று, 50 ஏட்சு. அங்கு விற்கும் பெட்டி பொதுவாக 120 வோல்ற்றே தரும். எங்கள் நெபுலைசரோ தையல் மெசினோ அதில் சரியாக இயங்காது. வெளிநாட்டு உறவுகள் அன்பாகத் தருவதை மறுப்பது கஷ்டம். ஆகவே வாங்க முன்னரே சொல்லிவிடுங்கள். தம்பி பொருளுக்குப் பதிலாகப் பணத்தில் ஒரு பங்கு அனுப்பினான். மிகுதியைச் சங்கச் சேமிப்பிலிருந்து போட்டோம். கடன் எடுக்கவில்லை. நுண்கடனால் எங்கள் ஊர்ப் பெண்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வெளிச்சத்துக்காகக் கிழமைக்குக் கிழமை வாசலில் ஆள் நிற்கும் நிலை வேண்டாம் என்று கூட்டத்திலேயே எழுதி வைத்தோம்.

இரண்டாம் வருடம்: பெட்டியும் தகடும்

பெட்டியின் விலை சிறிய ஜெனறேற்றரைப் போல மூன்று மடங்கு. 512 வாற்று-மணிப் பெட்டி ஒன்றும், மடிக்கக்கூடிய 100 வாற்றுச் சோலார் தகடு ஒன்றும் வாங்கினோம். ஊரிலேயே ஒரு வருட உத்தரவாதம் எழுதித் தந்த கடையில்தான் வாங்கினோம். ஜெனறேற்றர் பழுதானால் சந்தியில் உள்ள மோட்டார்சைக்கிள் பாஸ் திருத்திவிடுவார். பெட்டியின் பலகை எரிந்தால் ஊரில் திருத்த ஆளில்லை. ஆகவே உத்தரவாதத்தாள் பணத்துக்குச் சமம்.

2024 ஓகஸ்டில் மீண்டும் மடு. கணக்கு இப்படி: விரயத்தோடு சேர்த்து நாளுக்கு 400, மூன்று இரவுக்கு 1,200. பெட்டி நிரம்பிய நிலையில் 512. 100 வாற்றுத் தகடு நல்ல வெயிலில் நாள் முழுவதும் தருவது 300 அளவு. இரண்டு முழு நாளும் முதல் நாள் மாலையும் சேர்த்தால் 700. ஆக 1,212. சரிக்குச் சரி.

காட்டிலோ கணக்கு வேறாயிற்று. கூடாரத்தை நிழலுக்காகப் பாலையும் வீரையும் அடர்ந்த இடத்தில் அடித்தோம். தகட்டையும் அருகிலேயே விரித்தோம். பகல் முழுவதும் கிடந்தும் பெட்டி ஏறவே இல்லை. தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் முழுத் தகட்டின் வரவும் பெரிதாகக் குறையும் என்பது அன்றுதான் விளங்கியது. மனிதருக்கு நல்ல இடம் தகட்டுக்குக் கூடாத இடம். போதாததற்கு எங்களில் ஒருவர் "ஒரு தேத்தண்ணிக்குத்தானே" என்று கேத்தலைச் செருக, பெட்டி பட்டென்று நின்றுவிட்டது. எல்லோரும் பதறினோம். கேத்தலைக் கழற்றி ஆளியை மீண்டும் அழுத்தியதும் வேலை செய்தது.

அன்று இரவு பெட்டியில் பாதிக்கும் குறைவு. கூட்டம் கூடி முடிவெடுத்தோம்: விசிறி வேண்டாம், கைத்தொலைபேசி இரண்டுக்கு மட்டும், பாதைக் குமிழ் கட்டாயம், பேரனின் நெபுலைசருக்கென்று நூறு வாற்று-மணி எவரும் தொடக்கூடாது. பெட்டியின் முகப்பில் எவ்வளவு மிச்சம் என்று எண் தெரிவதால் இப்படிப் பங்கிட முடிந்தது. பங்கீட்டில் நாங்கள் பழகியவர்கள் அல்லவா!

இரவு இரண்டு மணிக்குப் பேரனுக்கு இழுப்பு வந்தது. தூசியும் ஊதுபத்திப் புகையும் காரணமாக இருக்கலாம். நெபுலைசரைச் செருகினோம். பத்து நிமிடத்தில் மூச்சுச் சீரானது. அயல் கூடாரத்தில் எவரும் விழிக்கவில்லை. மாமி எழுந்திருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் ஒருக்கால் வெளியில போட்டு வாறன்" என்று சொல்லி, குமிழ் எரிந்த பாதை வழியே தனியே மலசலகூடம் போய் வந்தார். ஒருத்தரையும் துணைக்குக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் தகட்டை நூறு அடி தள்ளி வெட்டைவெளிக்குக் கொண்டுபோய், நீளவயரை அளந்து போட்டு, மணிக்கொருவர் முறைவைத்து இருந்து, வெயில் திரும்பத் திரும்பத் தகட்டையும் திருப்பினோம். மாலையில் பெட்டி நன்றாக ஏறியிருந்தது.

அப்படியானால் ஜெனறேற்றர் கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாட்கணக்கில் வெயிலும் இல்லை, மின்சாரமும் இல்லை. எங்கள் பெட்டி இரண்டாம் நாளே அடங்கிவிட்டது. அயலவர் கைத்தொலைபேசிகளை எல்லாம் ஏற்றியதும் அதற்கு ஒரு காரணம். பொது மண்டபத்தில் இருந்த ஜெனறேற்றர்தான் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தது. எங்கள் பெட்டியையும் அதிலேயே ஒன்றரை மணித்தியாலம் ஏற்றி எடுத்தோம். பகலில் வெளியில் ஓடும் ஜெனறேற்றரில் பெட்டியை நிரப்பி, இரவில் சத்தமும் புகையும் இல்லாமல் பெட்டியைப் பாவிப்பது நல்ல வழி என்று அப்போது கண்டோம்.

ஆகவே இப்படிப் பிரித்துப் பாருங்கள். வெளிச்சம், தொலைபேசி, சிறு விசிறி, நெபுலைசர், தையல் மெசின் என்பவற்றுக்கு ஒன்று முதல் மூன்று இரவுக்கு மின்கலப் பெட்டி போதும். தண்ணீர்ப் பம்பு, குளிர்சாதனப் பெட்டி, பொதுச் சமையல், பல நாள் மழை என்றால் ஜெனறேற்றர் வேண்டும். ஜெனறேற்றர் வாங்குவதானால், வசதி இருந்தால், "இன்வேற்றர்" வகையைப் பாருங்கள். அது பாரத்துக்கு ஏற்ப வேகத்தைக் குறைப்பதால் சத்தமும் எரிபொருளும் குறையும். மின்சாரமும் சீராக வரும். மலிவான வகையில் வோல்ற்று ஏறி இறங்குவதால் சார்ஜர்கள் எரிவதுண்டு. எந்த வகை என்றாலும் புகை ஒன்றுதான். இருபது அடி விதி மாறாது.

பராமரிப்புப் பற்றிச் சில வரிகள். ஜெனறேற்றரை மாதக்கணக்கில் வைக்கும்போது பெற்றோலை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் பிசினாகும். எண்ணெய் மாற்றும் நாளைக் குறித்து வையுங்கள். பெற்றோலோடு எண்ணெய் கலக்கும் இரண்டு அடி இயந்திரமானால் எழுதியுள்ள அளவிலேயே கலவுங்கள். மின்கலப் பெட்டியை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடாதீர்கள். தண்ணீரும் கடற்காற்றும் படாமல் பாருங்கள். அடியோடு இறக்கி வைத்துவிடாமல் பாதிக்கு மேல் நிரப்பி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏற்றுங்கள். பெட்டி வீங்கினாலோ மணத்தாலோ பாவிக்காமல் வெளியே வைத்துவிடுங்கள்.

எங்கள் பெட்டி இன்று சங்கத்தின் சொத்து. ஒரு கொப்பியில் யார் எப்போது எடுத்தார், எத்தனை வீதத்தில் திருப்பித் தந்தார் என்று எழுதுகிறோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடெங்கும் மின்சாரம் நின்றபோது, ஒரு தங்கச்சி அதில் தையல் மெசினை ஓட்டி அன்று கொடுக்க வேண்டிய சட்டைகளை முடித்துக் கூலி வாங்கினாள். செத்தவீட்டுக்கும் கொடுக்கிறோம், பிள்ளைகளின் பரீட்சைக் காலத்துக்கும் கொடுக்கிறோம்.

சகோதரிகளே, கடைக்காரர் பெரியதையே காட்டுவார். வெளிநாட்டு உறவு விலை உயர்ந்ததையே சொல்லும். நீங்கள் முதலில் கொப்பியை எடுங்கள். எதெதற்கு, எத்தனை மணித்தியாலம், எத்தனை இரவு என்று எழுதிக் கூட்டுங்கள். வருத்தக்காரரின் தேவையையும் இரவில் நடக்கும் பாதையின் தேவையையும் முதல் இரண்டு வரியில் எழுதுங்கள். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு. இந்த ஓகஸ்டிலும் நாங்கள் போகிறோம். தகட்டுக்கு நீளமான வயர் வாங்கியாயிற்று. கேத்தலை வீட்டில் விட்டுவிட்டு வருவதாகத் தலைவி அக்கா வாக்குத் தந்திருக்கிறார். கூடாரத்துக்குத் தறப்பாள் தேடி எடுத்து, கிழிசலைத் தைத்துக்கொண்டிருப்பவர் மாமி.